ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால்

கீழுதட்டில் பாதி, அதற்குக் கீழே மோவாயில் பாதி. அந்த இடம் மட்டும் மரத்துப்போகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, பேச்சு குழறவில்லை. சவரம் செய்யும்போது பிளேடு போவது ஒரு பக்கம் தெரிகிறது, மறுபக்கம் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டதுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. பல் பிடுங்குவதற்கு முன்னால் போடும் ஊசிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இருக்குமே, அதே மதமதப்பு. ஊசி போடாமலே வந்து, போகாமல் உட்கார்ந்துகொள்கிறது. இதற்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்?

ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் 1830-இல் எழுதியபோது, மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு இப்படி உதடு மரத்துப்போனதைக் குறித்துவைத்தார். முகவாதத்துக்கு ஆங்கில மருத்துவத்தில் பெயர் கொடுத்தவரும் இவர்தான். கீழ்த்தாடை எலும்புக்குள் குழாய் போல ஒரு பாதை இருக்கிறது. அதன் வழியாக ஒரு நரம்பு வந்து, கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் சிறு துளை வழியே வெளியேறி உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. தசையை அசைக்கும் வேலை அந்த நுனிக்கு இல்லை. அதனால்தான் முகம் கோணுவதில்லை, உணர்ச்சி மட்டும் போகிறது. வேறிடத்தில் பிறந்த புற்று தாடை எலும்பின் மஜ்ஜைக்கோ, மண்டையோட்டின் அடிப்பகுதிக்கோ, மூளையைச் சுற்றிய சவ்வுக்கோ வந்து சேர்ந்து அந்த நரம்பை நெருக்கினால் இது நடக்கும். பெண்களில் மார்பகப் புற்றும், அடுத்தபடியாக லிம்போமா, ரத்தப் புற்று வகைகளும் இப்படிச் செய்வதில் முன்னால் நிற்கின்றன. சிலருக்கு உடம்பில் புற்று இருப்பதே இந்த மரமரப்பை விசாரித்த பிறகுதான் தெரியவந்திருக்கிறது. சிகிச்சை முடிந்து நிம்மதியாக இருந்த வேறு சிலருக்கு, நோய் திரும்பிவிட்டது என்பதை இதுவே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளில் அதன்பின் கிடைத்த ஆயுள் சராசரியாக ஓராண்டுக்கும் குறைவு.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மோவாய் மரப்புக்குப் பல்லே காரணமாக இருப்பதுதான் அதிகம். ஞானப்பல் பிடுங்கியபோது நரம்பு அடிபட்டிருக்கலாம், வேரில் சீழ் கட்டியிருக்கலாம். ஆகவே முதலில் பல் டாக்டரிடம் போய்த் தாடை முழுக்க எக்ஸ்ரே எடுப்பதுதான் சரி. பல்லில் குற்றமில்லை என்று வந்துவிட்டால் ‘அப்பாடா’ என்று வீட்டுக்கு வந்துவிடுவதுதான் தவறு. விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுமலை போன்ற ஓர் ஊரில் அது தொடங்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. பேரையூர் வட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. பெரிய ஸ்கேன், நரம்பு டாக்டர், புற்றுநோய் டாக்டர் என்று எது வேண்டுமானாலும் உசிலம்பட்டி போய், செக்கானூரணி வழியாக மதுரைக்குப் போயாக வேண்டும். ஒரு பகல் போய்விடும், ஒரு நாள் கூலியும் போய்விடும். அதற்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மருந்து இருக்கிறது. கை மதமதக்கிறதா, கால் எரிகிறதா, உதடு மரக்கிறதா, எல்லாவற்றுக்கும் ‘நரம்பு ஊசி’. சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்த மருந்து வைட்டமின் பி12. அது விஷமில்லை. அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து ஊசி, கேட்கவில்லை என்றால் இன்னொரு ஐந்து, பிறகு வேறு கம்பெனி ஊசி என்று வாரங்கள் நகர்வதுதான் கெடுதல். எந்த நரம்பு, எந்த இடத்தில், எதனால் என்ற மூன்று கேள்வியும் கேட்கப்படாமலே பணமும் நேரமும் போகிறது.

இரண்டாவது மறைப்பு சர்க்கரை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். ஆகவே ‘சுகர்னால மரத்துப்போகுது’ என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் சர்க்கரை நரம்பைக் கெடுப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. வழக்கமாக இரண்டு காலிலும் சேர்ந்தாற்போல் விரல் நுனியில் தொடங்கும். வருடக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிகள் தொடரும். புற்று நெருக்கும் நரம்பு இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. ஒரு பக்கம் மட்டும் போகும். ஒரு நரம்பின் எல்லைக்குள், விரலால் கோடு கிழித்துக் காட்டும்படி போகும். வருடங்களில் இல்லை, வாரங்களில் கூடும். பெரும்பாலும் ராத்திரி வலியோடு வரும். சர்க்கரை உள்ளவருக்கும் புற்று வரலாம் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

இவை எல்லாவற்றிலும் மணிக்கணக்குப் பார்க்க வேண்டியது முதுகெலும்பு. மார்பகம், நுரையீரல், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் ஆகிய மூன்று புற்றுகளும் எலும்புக்குப் பரவுவதில் முன்னணியில் இருப்பவை. எலும்புக்குள் வளரும் கட்டி பின்பக்கமாகத் தள்ளி, அங்கே போகும் தண்டுவடத்தை நெரிக்கும். சாதாரண டிஸ்க் வலி கழுத்தில் வரும், அல்லது குறுக்கில் வரும். பரவிய புற்று அதிகமாக உட்காரும் இடம் நடுமுதுகு, அதாவது இரண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவிலிருந்து விலா முடியும் இடம் வரை. அங்கே வரும் புது வலியை டிஸ்க் கணக்கில் எழுதிவிடக் கூடாது. படுத்தால் குறைய வேண்டிய முதுகுவலி படுத்தால் கூடுகிறது. இருமினால், தும்மினால், முக்கினால் சுரீர் என்கிறது. நெஞ்சைச் சுற்றியோ வயிற்றைச் சுற்றியோ கயிறு கட்டி இறுக்கினாற்போல் இருக்கிறது. இவையெல்லாம் கால் விழுவதற்கு முன்னால் கிடைக்கும் அவகாசத்தின் அடையாளங்கள்.

அந்த அவகாசம் எப்படி வீணாகிறது என்பதற்கு ஸ்காட்லாந்தில் எடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. தண்டுவடம் நெரிபட்ட 319 நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலி இருந்திருக்கிறது, அதுவும் ஏறத்தாழ மூன்று மாதமாக. நோய் இன்னதென்று கண்டுபிடித்த அன்று 82 சதவீதம் பேரால் துணையில்லாமல் நடக்க முடியவில்லை. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தங்களுக்குப் புற்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் இலவச மருத்துவம் கிடைக்கும் தேசத்தின் கணக்கு இது. உசிலம்பட்டிப் பக்கத்துக்கு அப்படியொரு கணக்கை யாராவது எடுத்தால் இதைவிட நன்றாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அடுத்த கட்டம் கால். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை. நடந்துகொண்டிருக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறார். அதற்கும் அடுத்த கட்டம் சிறுநீர். முட்டிக்கொண்டு நிற்கிறது, வரவில்லை. அல்லது வந்ததே தெரியவில்லை. உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைகிறது. வயதானவர் என்றால் ‘வயசாயிருச்சு’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ராய் பாட்செல் குழுவினர் 2005-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் 101 பேர் இருந்தார்கள். தண்டுவடத்தை நெரிக்கும் கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் கொடுத்தவர்களில் 57 சதவீதம். நடக்க முடியாமல் வந்தவர்களை மட்டும் தனியே பார்த்தால், அறுவை செய்துகொண்டவர்களில் 62 சதவீதம் பேர் மறுபடி நடந்தார்கள். மற்றவர்களில் 19 சதவீதம்தான். ஆய்வின் நிபந்தனைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால் முழுக்க விழுந்து 48 மணி நேரம் தாண்டியவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை. அதற்கு மேல் போனவர்களுக்குக் கால் திரும்பும் என்ற எதிர்பார்ப்பு அவ்வளவு குறைவு. பிரிட்டனில் இப்படிப்பட்ட கால் அறிகுறியோடு வருபவருக்கு 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறியே வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரே இதற்குப் போதாது. எலும்பின் சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியத் தொடங்கும். ‘படம் எடுத்தோம், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, லேசான தேய்மானமாம்’ என்ற வாக்கியம் எத்தனை வீட்டில் ஒலித்திருக்கிறது! ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாருடைய முதுகைப் படமெடுத்தாலும் தேய்மானம் தெரியும். அது வலிக்குக் காரணம் கண்டுபிடித்ததாக ஆகாது.

எக்ஸ்ரேகூட எடுக்காமல் சுளுக்கு எடுப்பவரிடம் போவது அதைவிட மோசம். எண்ணெய் தடவி நீவுவதோடு நின்றால் சரி. குப்புறப் படுக்கவைத்து முழங்காலைக் கொடுத்து நெட்டி முறிப்பதும், முதுகில் ஏறி மிதிப்பதும் நம் பக்கத்தில் நடப்பவைதான். புற்று தின்ற முதுகெலும்பு, மேலே சுண்ணாம்பு பூசிய செல்லரித்த உத்தரம். நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிடும்.

நெஞ்சுக்குள் வளரும் புற்று வேறு வழியில் தகவல் அனுப்பும். குரல்நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு, கழுத்தோடு நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. வழியில் நுரையீரல் புற்றின் நெறிக்கட்டி நெருக்கினால் குரல் கம்மிவிடும். சளி இல்லாமல், கத்தாமல், மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால் பனங்கற்கண்டும் மிளகும் போதும் என்று இருக்கக் கூடாது. நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி இன்னும் தந்திரமானது. பீடி பிடிக்கும் ஆணுக்குத் தோள்பட்டையில் வலி, அது கையின் உட்பக்கமாகச் சுண்டுவிரல் வரை இறங்குகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டுக்கொள்கிறார். இருமல் இல்லாததால் நெஞ்சைப் படமெடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்துக் கண் இமை லேசாகத் தொங்குகிறது, பாப்பா சுருங்குகிறது. சித்திரை வெயிலில் முகத்தில் ஒரு பாதி வியர்த்து வழிய, மறுபாதி காய்ந்து கிடக்கிறது. இதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் எதிரே உட்கார்ந்து சோறு போடும் மனைவியாக இருக்கும். அவர் சொல்வதை அந்த வீட்டில் கேட்கிறார்களா என்பது தனிக் கேள்வி.

புகையிலைக்கு வருவோம். கன்னத்தில் அதக்கிக்கொண்டு களையெடுப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1.43 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்று புதிதாக வருகிறது. வாய்ப் புற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நரம்பின் உறைக்குள் புகுந்து, அதையே பாதையாக வைத்து மண்டைக்குள் ஏறும். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்று, அறுவை முடிந்து பல வருடம் கழித்தும் இப்படி ஏறிவிடும். கன்னத்தில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, நாக்கில் பாதி மரப்பு, இவையெல்லாம் அதன் காலடி. காது டாக்டர் பார்த்துக் காது சுத்தம் என்று சொன்ன பிறகும் ஒரு பக்கக் காது குத்திக்கொண்டே இருந்தால், காதுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு நாக்கின் அடியையும் தொண்டையையும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாய்க்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி இடம் மாறித் தெரிகிறது. முகவாதத்திலும் வித்தியாசம் உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று முகம் கோணினால் அது அநேகமாக வழக்கமான முகவாதம், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகும். வாரக்கணக்கில் மெதுவாகக் கோணிக்கொண்டே போனால், காதுக்கு முன்னால் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. ஒரு பக்கப் பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாக இறங்கும் வலி, அதே காலில் வீக்கம். ‘சயாட்டிகா’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். சயாட்டிகாவில் கால் வீங்காது. வீங்கினால், கர்ப்பப்பை வாய்ப் புற்று இடுப்பெலும்புச் சுவர்வரை போய் நரம்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். இந்த நிலைக்கு வராமல் தடுக்க முடியும் என்பதைப் பக்கத்து மாவட்டத்திலேயே நிரூபித்திருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களிடம், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். 2007-இல் ‘லான்செட்’டில் வந்த முடிவு: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. அங்கே சோதித்தது ஊர்ப்பக்கம் பயிற்சி பெற்ற செவிலியர்கள், பெரிய ஸ்கேன் எந்திரம் இல்லை.

இத்தனைக்கும் நடுவே டாக்டருக்குத் தெரியாமல் போகும் ஒரு விவரம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மார்பில் ‘கட்டி’ எடுத்தது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது வெளியே சொல்லக் கூடாது என்று மூடிவைத்த விஷயம், முதுகுவலிக்குப் போகும்போதும் மூடியே இருக்கிறது. டாக்டரும் கேட்பதில்லை, அம்மாவும் சொல்வதில்லை. மார்பகப் புற்று பத்து வருடம் கழித்தும் எலும்பில் தலைகாட்டக் கூடியது. நோயைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வீடே சாட்சி. அவருடைய தங்கைக்கு வந்தது மலக்குடல் புற்று. அதைச் சீதபேதி என்று வைத்தியம் பார்த்து, உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் அந்தத் தங்கை இறந்தார். அந்தத் துக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. டாக்டர் வீட்டிலேயே நடந்த பிசகு அது. நம் வீட்டில் நடக்காமலிருக்க, பரணில் மஞ்சப்பைக்குள் கிடக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்சி ரிப்போர்ட்டும் கூடவே போக வேண்டும்.

முதுகுவலியோடு கால் வலுவும் குறைந்து, சிறுநீரும் தடுமாறினால் மறுநாள் ஓ.பி. சீட்டுக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். முதுகை முறுக்காமல், படுத்த வாக்கில் போக வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. அதன் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இயங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போகலாம், தேடிக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம்.

ஸ்கேனில் தெரிவது புற்றாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இதே மாதிரி காலை விழத்தட்டும். அதற்கான மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், நேரத்தோடு தொடங்கினால் கால் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பும் உண்டு. புற்றே என்றாலும் லிம்போமா, மைலோமா, மார்பகம், புராஸ்டேட் போன்றவை கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாக இணங்குபவை. எது என்பதை ஊசி வழியாக எடுக்கும் சதைத் துணுக்குத்தான் சொல்லும். அதற்கு முன்னால் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி அந்தத் துணுக்கிலும் பிடிபடாமல் நழுவலாம். அட்டையிலிருந்து பிரித்துத் தாளில் மடித்துக் கொடுக்கும் வலி மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. ரெண்டு நாளில் வலி மாயமாகப் போனது என்று சந்தோஷப்படுவதற்குமுன், அந்தத் தாள் பொட்டலத்தையும் மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.